உப்பு என்று சொன்னவளுக்கு

இன்று காலை ஒரு பொட்டலம் வந்தது. கீழே செக்யூரிட்டி அறை வாசலிலேயே நின்று பிரித்தேன். பிரித்ததும் மூக்கில் ஏறியது பழைய டீசல் வாடை. மெக்கானிக் கடையில் கை துடைத்துப் போட்ட துணியில் வருமே, அந்த வாடை. உள்ளே கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. அதற்குள் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் கல் நொறுங்கல், நொய்யரிசி அளவில்.

எண்ணெய்க் கிணறு துளைக்கும்போது உள்ளே ஊற்றுகிற சேற்றில் டீசல் கலப்பதுண்டு என்று நீயும் நானும் படித்திருக்கிறோம். எத்தனை முறை கழுவினாலும், எத்தனை வருஷம் கிடங்கில் கிடந்தாலும் அந்த வாடை கல்லை விட்டுப் போகாது என்பது எனக்கு இன்றுதான் தெரியும். உனக்குத் தெரியவே தெரியாது. அந்தக் கடலின் அடியை நாம் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதிலிருந்து ஒரு கல்லைக்கூட நாம் தொட்டதில்லை.

குப்பியோடு ஒரு புகைப்படமும் வைத்திருந்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் எடுத்த குவார்ட்ஸ் மணல் மணி. அதன் உடம்பு முழுக்க, ஈரத்தலையைச் சீப்பால் வாரியதுபோல் நெருக்கமான இணைகோடுகள். அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, வேறொரு சாய்வில் இன்னொரு வரிசை. எரிமலையால் அந்தக் கோடுகளைப் போட முடியாது. நிலநடுக்கத்தாலும் முடியாது. வானத்திலிருந்து வந்து விழுந்த ஒன்று அடித்தால் மட்டுமே ஒரு மணல் மணிக்கு அப்படி நேரும்.

நீ உப்பு என்று சொன்னாய். உப்பு இல்லை.

முடிவு எனக்குச் சில மாதங்களாகவே தெரியும். ஆனால் கணினியில் படிப்பது வேறு, அந்தக் கல் கையில் வந்து கனப்பது வேறு. லிஃப்டில் மேலே வரும்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். ஜெயித்தவள் முகம் மாதிரி இல்லை.

எலெக்ட்ரானிக் சிட்டியில் நம் ஆபீஸில் நான் சேர்ந்தபோது, காலியாக இருந்த ஒரே நாற்காலி உன் பக்கத்தில்தான். மற்றவர்கள் ஏன் அதில் உட்காரவில்லை என்று மதியத்துக்குள் புரிந்துவிட்டது. யார் எதைச் சொன்னாலும் நீ ஒரு கேள்வி கேட்டாய். நெய்வேலியிலிருந்து வந்து பி.ஜி. ஹாஸ்டலில் அரை அறைக்கு ஆளாகியிருந்த எனக்கு, ஆட்டோக்காரரிடம் கன்னடம், பழக்கடைக்காரரிடம் உருது, என்னிடம் தமிழ் என்று நொடிக்கு நொடி மாறுகிற உன்னைப் பார்த்தால் பயமாக இருந்தது. விவேக் நகர்க்காரர்கள் எல்லாரும் இப்படித்தானா என்று கேட்டேன். "மிச்சவங்களுக்கு இங்கிலீஷும் வரும்" என்றாய், அட்சர சுத்தமான ஆங்கில ஈமெயில் ஒன்றைத் தட்டிக்கொண்டே.

நம் வேலை என்ன என்று யார் கேட்டாலும் உன்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது: "கடலுக்கு ஸ்கேன் எடுக்கறோம்." ஏறக்குறைய உண்மைதான். எங்கோ ஒரு கடலில் ஒரு கப்பல் போகும். போகிற வழியெல்லாம் தண்ணீருக்குள் பெரிய சத்தம் எழுப்பும். அந்தச் சத்தம் கடலடியில் இறங்கி, ஒவ்வொரு பாறை அடுக்கிலும் பட்டு எதிரொலியாகத் திரும்பி வரும். கோடிக்கணக்கான எதிரொலிகளைப் பதிவுசெய்து நமக்கு அனுப்புவார்கள். நாம் அவற்றைச் சுத்தம் செய்து படமாக்கி, எந்த அடுக்கு எங்கே போகிறது, எங்கே உடைகிறது என்று கோடு போடுவோம். அவர்களுக்கு வேண்டியது எண்ணெய். நமக்கு வேண்டியது சம்பளம், எட்டரை மணி ஆபீஸ் கேப் வண்டியில் ஜன்னலோர சீட்.

வடக்கே, நாம் ஒருபோதும் போகப்போகாத ஒரு குளிர்ந்த கடலின் படம் அது. மேலே மெத்தென்ற களிமண் அடுக்குகள். அதற்குக் கீழே தடித்த சுண்ணாம்புப் பாறை. அதற்கும் வெகு ஆழத்தில், பழங்காலக் கடல் ஒன்று வற்றி விட்டுப்போன உப்பு. நான் அந்தப் படத்தை மேலிருந்து கீழாக, கேரட் சீவுவதுபோல் கிடைமட்டத்தில் ஒவ்வொரு சீவலாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். களிமண் முழுக்க ஒன்றுமில்லை. சுண்ணாம்பின் மேற்பரப்பைத் தொட்டதும் திரையில் வட்டம் ஒன்று வந்தது. அடுத்த சீவலில் அதற்கு உள்ளே இன்னொரு வட்டம், அப்புறம் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் நடுவில் சின்னதாக ஒரு மேடு.

"ஏய், இங்க வா. இது என்னான்னு பாரு."

நீ நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்தாய். "யாரோ தோசை ஊத்தியிருக்காங்க" என்றாய்.

"விண்கல்லுடீ. கடல்ல விழுந்திருக்கு."

"சும்னே எதனா சொல்லாத." உன் பேனா முனை திரையின் கீழ்ப்பகுதியைத் தட்டியது. "கீழ உப்பு இருக்கு பாரு. மேல பாரம் ஏற ஏற உப்பு மாவு மாதிரி பக்கவாட்டுல நழுவிப் போகும். போயிடுச்சுன்னா மேல இருக்கறதெல்லாம் தொப்புன்னு உள்ள உக்காரும். வட்டமா குழி வரும், சுத்தி விரிசலும் வரும். பூமியே பண்ணிக்கற வேலைக்கு நீ எதுக்கு வானத்துல இருந்து ஆள கூப்பிடற?"

சண்டை அன்று தொடங்கியது. அந்தக் கடலில் எண்ணெய் தேடியவர்கள் அந்த இடத்தில் பயன் இல்லை என்று விட்டுவிட்டார்கள். திட்டமும் மூடப்பட்டது. நாம் மட்டும் மூடவில்லை. மதியம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் சாப்பிட்டபடி மறுகையால் அந்த வட்டங்களைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தோம். நான் விண்கல் என்பதற்கு ஏதாவது ஒன்றைக் கொண்டுவருவேன். நீ வாயிலிருப்பதை மென்று விழுங்கிவிட்டு, "சரி, வேற என்னவா இருக்கலாம்?" என்று ஆரம்பிப்பாய்.

உன் கேள்விகள் எனக்கு எதிரானவை இல்லை என்பது எனக்கு வெகு காலம் புரியவில்லை. ஆபீஸில் மாதாமாதம் நடக்கும் கூட்டத்தில் ஒருமுறை அந்த வட்டங்களைப் பற்றி நான் பேசினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் நீ எழுந்தாய்.

"அந்த நடு மேடு மேடே இல்லாம இருக்கலாம். நசுங்கிக் கெட்டியான பாறை வழியா சத்தம் வேகமா போயிட்டு வேகமா திரும்பும். சீக்கிரம் திரும்பி வந்தா ஸ்கிரீன்ல மேல தெரியும். அத செக் பண்ணியா?"

நான் செக் பண்ணவில்லை. எல்லாரும் காபி குடிக்கக் கிளம்பிவிட்டார்கள். சாயந்தரம் கேப்பில், டோல் மேம்பாலத்தில் வண்டி நகராமல் நின்றபோது, நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மெதுவாகச் சொன்னாய்: "வெளியாளு கேட்டா அசிங்கமா இருக்கும்பா. நான் கேட்டா வெறும் கடுப்புதான வரும்?"

அதற்கடுத்த வாரம் முழுவதும் நீயே உட்கார்ந்து, சத்தத்தின் வேகத்தை அடுக்குக்கு அடுக்கு திருத்தி, அந்த இடத்தை மறுபடி படமாக்கினாய். மேடு கொஞ்சம் தாழ்ந்தது. மறையவில்லை. "இருக்கு" என்று ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டு, அடுத்த சந்தேகத்துக்குப் போய்விட்டாய்.

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. விண்கல் என்று நம்பிய நான் அந்த வட்டங்களை ரசித்துக்கொண்டிருந்தேன். நம்பாத நீதான் அவற்றை ஒவ்வொன்றாக அளந்தாய். எந்த விரிசல் எங்கே தொடங்கி எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எந்த அடுக்கு எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, விளிம்பை எங்கெங்கே வாய்க்கால் அறுத்திருக்கிறது, எல்லாம் உன் கைப்பட வரைந்த கோடுகள். உப்புதான் என்று நிரூபிக்க நீ போட்ட அந்த வரைபடத்தைப்போல் சுத்தமான ஒன்றை இத்தனை வருஷத்தில் நான் பார்க்கவில்லை.

வியாழக்கிழமைகளில் நீ சீக்கிரம் கிளம்பிவிடுவாய். குழந்தை யேசு கோயில் நவநாளுக்கு வருகிற கூட்டத்தில் உங்கள் தெருவே அடைத்துக்கொள்ளும். எதையும் நம்பாத நீ கோயிலுக்குப் போகிறாயே என்று ஒருநாள் சீண்டினேன்.

"கேட்டா குடுப்பாருன்னு எல்லாம் போறதில்ல. மம்மியால அந்த நெரிசல்ல மெழுகுவத்தி ஸ்டாண்ட் வரைக்கும் தனியா போக முடியாது."

"அப்போ நீ எதுவுமே கேக்க மாட்டியா?"

"மம்மி கேக்கறதே ரெண்டு பேருக்குப் போதும்."

உன் அம்மா என்ன கேட்டார் என்று இப்போது யோசிக்கிறேன். உனக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று கேட்டிருப்பார். எனக்கும் சேர்த்தே கேட்டிருப்பார். நான் வரும்போதெல்லாம் இன்னும் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றியது அந்தக் கவலையில்தான்.

ஒரு மழை மாதத்தில், மதியம் நீ என் தோளைத் தட்டினாய். முகம் ஒருமாதிரி இருந்தது.

"உன் கட்சிக்கு ஒரு சாட்சி குடுக்கறேன். வெச்சுக்கோ."

உன் திரையில் அந்தக் குழியை நெடுக்காக வெட்டி வைத்திருந்தாய். வளைய விரிசல்கள் எல்லாம் கீழேயிருந்து மேலேறி வந்தன. உப்பு மெல்ல மெல்ல நழுவியிருந்தால் குழியும் மெல்ல மெல்லத்தான் ஆழமாகியிருக்கும். சில விரிசல்கள் சீக்கிரம் நின்றிருக்கும், சில தாமதமாக மேலே வரை வந்திருக்கும். இவை அப்படி இல்லை. ஒரு விரிசல் விடாமல், எல்லாமே ஒரே மட்டத்தில் நின்றன. அதற்கு மேல் இருந்த களிமண் அடுக்கு, போர்வை விரித்ததுபோல் ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது.

"எல்லாம் ஒரே நாள்ல ஆன மாதிரி இருக்கு" என்றாய்.

நான் உன்னைக் கட்டிக்கொண்டேன். நீ விலகினாய். "குதிக்காத. சாட்சிதான், தீர்ப்பு இல்ல. படத்த வெச்சு எதையும் சொல்லிடலாம். கல்லு வேணும். கல்லு வந்து சொல்லட்டும், நான் ஒத்துக்கறேன்."

விலகும்போது உன் இடது கை முதுகைப் பிடித்துக்கொண்டது. நாற்காலி சரியில்லை என்றாய். நாற்காலியை மாற்றினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது உன் சுடிதார் தோளில் நிற்கவில்லை. சாப்பாட்டு டப்பாவில் பாதி அப்படியே திரும்பிப் போனது. "கேஸ் ட்ரபிள்" என்று மாத்திரை போட்டுக்கொண்டாய். எல்லாவற்றுக்கும் வேறு காரணம் கேட்ட நீ, அதற்கு மட்டும் முதலில் வந்த காரணத்தையே வைத்துக்கொண்டாய்.

ஸ்கேன் எடுத்த அன்று நான்தான் உன்னோடு வந்தேன். உன் அம்மாவிடம் ஆபீஸ் என்று சொல்லியிருந்தாய். டாக்டரைப் பார்க்க வரிசை நீளமாக இருந்தது. நீ கவரிலிருந்து ஃபிலிமை உருவி, வராந்தா ஜன்னலில் வெயிலுக்கு எதிரே பிடித்தாய். நான் பக்கத்தில் நின்றேன். சாம்பலும் கறுப்புமாக, சீவல் சீவலாக உன் வயிறு. நாம் பழகிய அதே மாதிரிப் படம். வெட்டி வெட்டி அடுக்கியிருந்தது. நீ மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் படித்தாய். கல்லீரலில் ஆங்காங்கே வட்டமாக நிழல்கள் இருந்தன. எனக்கும் தெரிந்தது.

ஜன்னலுக்கு வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். ஸ்டார்ட் ஆகவில்லை.

ஃபிலிமைக் கவரில் போட்டுக்கொண்டே சொன்னாய்: "வேற என்னவா இருக்கலாம்னு பார்த்தேன். இதுல உப்பு இல்லடீ."

டாக்டர் அதைத்தான் இன்னும் நீளமாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு விருப்பமில்லை. உனக்குத் தெரியாததும் அதில் ஒன்றுமில்லை. மருந்து ஏற்றினார்கள். முடி போனது. கொஞ்சம் தேறினாய், பிறகு தேறவில்லை. ஆபீஸில் உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடாமல் என் பையை வைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி வந்து தயங்கி நின்றாள். பையை எடுத்துக் கீழே வைத்தேன்.

வியாழக்கிழமைகளில் நான் உன் வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். உன் அம்மா கோயிலுக்குப் போய்வரும் வரை உன்னோடு இருப்பேன். தெருவில் ஒலிபெருக்கி தமிழில் ஒரு ஜெபம் சொல்லும், கன்னடத்தில் ஒரு ஜெபம் சொல்லும், ஆங்கிலத்தில் ஒன்று. ஒரு மதியம் நீ கண்ணை மூடிக்கொண்டே கேட்டாய்.

"அன்னைக்கு என்ன ஆச்சுன்னு சொல்லு."

"என்னைக்கு?"

"உன் கல்லு விழுந்த அன்னைக்கு."

அத்தனை வருஷத்தில் நீ என்னை அதை முழுசாகச் சொல்ல விட்டதே இல்லை. இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே வருவாய். நான் தயங்கித் தயங்கித் தொடங்கினேன்.

ஆழமில்லாத ஒரு கடல். அடியில் இன்னும் பாறையாக இறுகாத வெள்ளைச் சுண்ணாம்பு. வானத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது. சத்தம் வந்து சேர்வதற்கு முன்பே கல் வந்துவிடுகிறது. கடல் திறந்துகொள்கிறது. தண்ணீர் ஆவியாகி, மிச்சம் சுவராக எழுந்து எல்லாப் பக்கமும் விலகி நிற்க, நடுவில் கடலடி வெறுமையாகத் தெரிகிறது. அதிலும் ஒரு பள்ளம். அமுங்கிய பாறை அமுங்கியபடியே இருப்பதில்லை. குளத்தில் கல் எறிந்தால் நடுவில் ஒரு துளி எம்புமே, அதுபோலப் பாறையே எம்பி, எம்பிய நிலையிலேயே உறைந்துவிடுகிறது. அதுதான் நம் நடு மேடு. சுற்றிலும் இருந்த அடுக்குகள் பிடிமானம் இல்லாமல் பள்ளத்தை நோக்கிச் சரிகின்றன. சரிந்து சரிந்து நின்ற இடங்கள்தான் வட்டங்கள்.

பிறகு கடல் திரும்பி வருகிறது. எல்லாப் பக்கமிருந்தும். உடைந்ததையெல்லாம் வாரிக்கொண்டு, விளிம்பை அறுத்து வாய்க்கால் போட்டுக்கொண்டு உள்ளே பாய்கிறது. நடுவில் தண்ணீரோடு தண்ணீர் மோதி உயரமாக எழுந்து மறுபடி விழுகிறது. அப்புறம் கொண்டுவந்ததைக் கொட்டுகிறது. கனமான கற்கள் முதலில், பிறகு மணல், எல்லாவற்றுக்கும் கடைசியில் தூசி. தூசி அடங்க வெகு காலம் ஆகிறது. அதன் மேல் சேறு படிகிறது. படிந்துகொண்டே இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் அங்கே ஒன்றும் நடந்ததாகவே தெரியாது.

முடித்துவிட்டு உன் முகத்தைப் பார்த்தேன். நீ ஒன்றும் மறுக்கவில்லை. ஒரு கேள்விகூட இல்லை. அந்த வீட்டில் நான் உண்மையாகவே பயந்தது அப்போதுதான்.

"ஏதாவது கேளேன்" என்றேன். கெஞ்சியது எனக்கே கேட்டது.

கண்ணைத் திறக்காமலே கேட்டாய். "அங்க மீனுங்க இருந்திருக்கும்ல?"

"இருந்திருக்கும்."

"அதுங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியறதுக்கு நேரம் இருந்திருக்காது."

"அப்போ பரவால்ல" என்றாய். திரும்பிப் படுக்க உதவி செய்யச் சொன்னாய்.

ஓசூர் ரோட்டுக் கல்லறையில் இடமில்லை என்று உன் அப்பாவின் குழியையே திறந்தார்கள். விடாமல் தூறல். சிவப்பு மண் குவியலின் மேல் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். தார்ப்பாயின் ஓரத்தில் தண்ணீர் சின்னச் சின்னதாக வாய்க்கால் அறுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கியது. மற்றவர்கள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிரியார் சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை.

அந்தக் கடலின் தரவுகளை அந்த நாட்டு அரசு பிறகு எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டது. அங்கே இருக்கிற ஒரு பல்கலைக்கழகக் குழுவுக்கு நான் எழுதினேன். கம்பெனியிடம் அனுமதி வாங்கி, உன் வரைபடத்தையும் அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்ட முதல் கேள்வி, இதைப் போட்டது யார் என்பது. அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே பல வருஷங்களுக்கு முன்னால் யாரோ எண்ணெய்க்காகக் கிணறு துளைத்து, ஒன்றும் கிடைக்காமல் மூடியிருந்தார்கள். அதிலிருந்து வெளிவந்த கல் சில்லுகள் ஒரு கிடங்கில் பொட்டலம் பொட்டலமாகக் கிடந்தன. எந்த ஆழத்துச் சில்லை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு உன் கோடுகள்தான் வழி காட்டின. எல்லா விரிசல்களும் வந்து நின்ற அந்த ஒரே மட்டம்.

கோடு விழுந்த குவார்ட்ஸ் கிடைத்துவிட்டது என்று அவர்கள் எழுதியபோது, உடனே சந்தோஷப்பட என்னால் முடியவில்லை. நீ இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பாய் என்று யோசித்து, அதைக் கேட்டு எழுதினேன். கிணற்றின் சுவரில் மேலேயிருந்து உதிர்ந்து விழுந்த சில்லாக இருக்கலாம் அல்லவா? அவர்கள் மறுபடி போய், மேலேயும் கீழேயும் உள்ள ஆழங்களின் சில்லுகளைத் தேடிப் பார்த்தார்கள். அங்கெல்லாம் இல்லை. அந்த மட்டத்தில் மட்டும்தான். அதற்குப் பிறகு எனக்குக் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியிருக்கும்.

கட்டுரை வெளிவந்தது. உன் பெயர் இருக்கிறது, என் பெயருக்கு முன்னால். அதை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். உன் அம்மாவிடம் காட்ட வேண்டும். காட்டினால் கேட்பார். அதற்குப் பயந்து தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இன்று இந்தப் பொட்டலம் வந்த பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பஸ் பிடித்து விவேக் நகர் போனேன்.

அம்மா இளைத்திருக்கிறார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கட்டுரையின் முதல் பக்கத்தில் விரலை வைத்து உன் பெயரைக் கண்டுபிடித்தார்.

"பக்கத்துல சிலுவை போட்டிருக்காங்களே. நாம கிறிஸ்டியன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது... இறந்துபோனவங்க பேருக்குப் போடற அடையாளம் ஆன்ட்டி."

"அப்டியா." விரலை எடுக்கவில்லை. "பாக்க சிலுவை மாதிரிதான் இருக்கு."

அப்புறம் நான் பயந்த கேள்வியைக் கேட்டார். "அவ சொன்னது கரெக்டா வந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. உனக்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது.

"இல்ல ஆன்ட்டி. அவ உப்புன்னு சொன்னா. நான் விண்கல்லுன்னு சொன்னேன். விண்கல்லுதான். ஆனா அவ போட்ட படம் இல்லன்னா யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது."

பின்பாதி அவர் காதில் ஏறவில்லை. "அப்போ உன்கிட்ட தோத்துட்டாளா?"

"தோத்துட்டா."

நீ போன பிறகு முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனதைப் பார்த்தேன். "தோத்தா பேச மாட்டா, தெரியுமா உனக்கு? சின்னதுல இருந்தே அப்படித்தான். அவங்கப்பா கூட கேரம் ஆடித் தோத்துட்டான்னா, செவுத்துப் பக்கம் மூஞ்சத் திருப்பிப் படுத்துக்குவா. சோறு திங்கக்கூட வர மாட்டா. நாமளா போய் மொதல்ல பேசணும். பேசிட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்து வருவா."

எனக்கு இது தெரியாது. என்னிடம் நீ ஒருமுறைகூடத் தோற்றதில்லையே.

பஸ் ஸ்டாப்பில் வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுக்கொண்டு நின்றேன். இப்போதும் திரையில் ஒரு கோடு போடுவதற்கு முன் என் கை நின்றுவிடுகிறது. கேட்பதற்கு ஆளில்லாததால் நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். உள்ளே கேட்கிற குரல் உன் குரலைப் போலவே இருக்கிறது. ஆனால் அது எனக்குத் தெரிந்ததை மட்டும்தான் கேட்கிறது. எனக்குத் தோன்றவே தோன்றாத ஒன்றை, நீ டப்பாவை மூடிக்கொண்டே கேட்பாயே, அது அந்தக் குரலுக்கு வராது. அந்தக் குறைபட்ட குரலோடுதான் நான் வேலைக்குப் போய்வருகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து இதை எழுதினேன். நீ தோற்றுவிட்டாய். முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறாய். சரி, இருக்கட்டும். முதலில் நானே பேசிவிட்டேன்.